ஸ்பின் மாறும் இரும்புப் படிகங்கள்: கொங்குப் பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்தில் இருந்துகொண்டே அளந்து முடிப்பது எப்படி?

ஈரோடு பக்கத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இரும்பு அணைவுச் சேர்மங்களில் ஸ்பின் மாற்றம் என்பது தலைப்பு. உருப்படியான முதல் அளவீடு கைக்கு வர எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. அதில் சேர்மம் தயாரிக்கப் போனது ஐந்து மாதம்தான். மீதி ஒன்பது மாதமும் தவறான கருவிக்குப் பணம் கட்டியது, படிவம் திரும்பி வந்தது, கூரியரில் போன படிகம் பொடியாகிச் சேர்ந்தது என்றே கழிந்தது. பெரிய நிறுவனங்களில் படிப்பவர்களுக்குப் பக்கத்து அறையிலேயே கருவி இருக்கும், கேட்டுக்கொள்ள சீனியர் இருப்பார். கோபி, பெருந்துறை, நாமக்கல், தாராபுரம் பக்கம் இருந்து இந்தத் தலைப்பை எடுக்கிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. எதை அளக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

இரும்பு இரண்டு (Fe²⁺) அயனியில் டி எலக்ட்ரான்கள் ஆறு. ஆறு நைட்ரஜன்கள் சுற்றி நிற்கும்போது, ஈனியின், அதாவது இரும்பைச் சுற்றிப் பிணைந்திருக்கும் மூலக்கூறின், புலம் வலுவாக இருந்தால் ஆறும் ஜோடி சேர்ந்துவிடும். அது தாழ் ஸ்பின். புலம் தளர்ந்தால் நான்கு எலக்ட்ரான்கள் தனித்து நிற்கும்; அது உயர் ஸ்பின். இரண்டு நிலைக்கும் ஆற்றல் வித்தியாசம் சொற்பமாக இருக்கும் சேர்மங்களில், சூடாக்கினால் உயர் ஸ்பின்னுக்கும் குளிர்வித்தால் தாழ் ஸ்பின்னுக்கும் போகும். உயர் ஸ்பின்னில் பிணைப்புகள் தளர்ந்து அதிர்வுகள் கூடுகின்றன, என்ட்ரோபி (ஒழுங்கின்மை) ஏறுகிறது. வெப்பம் அந்தப் பக்கம் தள்ளுவது அதனால்தான்.

மாறும்போது இரும்பு–நைட்ரஜன் பிணைப்பு ஏறக்குறைய 0.2 ஆங்ஸ்ட்ராம் நீளும் அல்லது சுருங்கும். படிகத்துக்குள் இது பெரிய தூரம். மூன்று பேர் சீட்டில் ஒருவர் கால் அகட்டி உட்கார்ந்தால் அந்த வரிசையே நகர வேண்டியிருக்கும் அல்லவா, அதுபோல ஒரு மூலக்கூறு விரிந்தால் பக்கத்து மூலக்கூறும் தள்ளப்படும். அந்தத் தள்ளுதல் பலமாக இருந்தால் மாற்றம் சட்டென்று நடக்கும். சூடாக்கும்போது ஒரு வெப்பநிலையிலும் குளிர்விக்கும்போது வேறொரு வெப்பநிலையிலும் நடக்கும். இதுதான் வெப்பத் தயக்கம்.

இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஸ்பின் மாறியதா என்பது ஒன்று. படிகத்தின் சமச்சீர் மாறியதா, அதாவது கட்டமைப்பு நிலைமாற்றம் நடந்ததா என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஆய்வுத் திட்டம் எழுதினேன், அது தப்பு. இரண்டு ஃபீனாந்த்ரோலின், இரண்டு தயோசயனேட் உள்ள இரும்புச் சேர்மம் 176 கெல்வின் அருகே சட்டென்று ஸ்பின் மாறுகிறது. ஆனால் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதன் இடக்குழு, அதாவது படிகச் சமச்சீரின் வகை, ஒன்றேதான். புரோப்பைல் டெட்ரசோல் ஆறு சேர்ந்த இரும்பு டெட்ராஃபுளூரோபோரேட் அப்படியில்லை. மெதுவாகக் குளிர்வித்தால் 130 கெல்வின் வாக்கில் ஸ்பின்னோடு சமச்சீரும் இறங்கிவிடும். மும்மடிச் சமச்சீர் அச்சு உள்ள படிகம், தலைகீழ் மையம் மட்டும் உள்ள முச்சாய்வுப் படிகமாகிவிடும். அதே படிகத்தை வேகமாகக் குளிர்வித்தால் ஸ்பின் மட்டும் மாறும், சமச்சீர் அப்படியே நிற்கும். ஆக, எந்த வேகத்தில் குளிர்வித்தீர்கள் என்று எழுதாத அளவீட்டை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. கீழே வரும் எல்லாப் படிகளிலும் இதை மனதில் வையுங்கள்.

2. முதல் சேர்மம்: அறை வெப்பநிலைக்கு மேல் மாறுவதை எடுங்கள்

குளிரில் மாறும் சேர்மத்தை எடுத்தால் முதல் நாளிலிருந்தே திரவ நைட்ரஜனும் வெளியூர்க் கருவியும் தேவைப்படும். சூட்டில் மாறுவதை எடுத்தால் பாதி வேலை உங்கள் ஆய்வகத்திலேயே முடியும்.

நான் சொல்வது இரும்பு டிரையசோல் டெட்ராஃபுளூரோபோரேட். இது நன்றாக ஆராயப்பட்ட, பலரும் திரும்பத் திரும்பச் செய்த சேர்மம். சூடாக்கும்போது சுமார் 385 கெல்வினில், அதாவது 112 டிகிரி செல்சியஸில், ரோஸ் நிறம் போய் வெள்ளையாகும். குளிர்விக்கும்போது 345 கெல்வின், அதாவது 72 டிகிரி வரை வெள்ளையாகவே இருந்து, பிறகுதான் ரோஸுக்குத் திரும்பும். நாற்பது டிகிரி தயக்கம் என்றால் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஒரு பொறி: இது நீளச் சங்கிலியாக வளரும் பாலிமர். பொடியாகத்தான் கிடைக்கும், ஒற்றைப் படிகம் எதிர்பார்க்காதீர்கள். படிகம் வரும் வரும் என்று நான்கு மாதம் சோதனைக் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். படிக அமைப்புக்கு ஃபீனாந்த்ரோலின் சேர்மத்தை இரண்டாவதாக எடுங்கள்.

3. வேதிப்பொருள் வாங்குவது: இதற்கே இரண்டு மாதம் ஒதுக்குங்கள்

பணம் கல்லூரி வழியாக வருகிறது என்றால் மூன்று விலைப்புள்ளி, துறைத்தலைவர் கையெழுத்து, முதல்வர் ஒப்புதல், கொள்முதல் ஆணை என்று வரிசையாகப் போகும். விலைப்புள்ளிக்குப் பெரும்பாலும் முப்பது நாள்தான் ஆயுள். கையெழுத்து தாமதமானால் விலை ஏறி மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும். மூன்று விலைப்புள்ளியும் ஒரே வாரத்தில் வரும்படி கேட்டு வாங்குங்கள்.

விலைப்புள்ளியில் இரண்டு விஷயம் பாருங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்த விலையா, சேர்க்காத விலையா? பொருள் இந்தியாவில் இருப்பில் உள்ளதா, வெளிநாட்டிலிருந்து வரவேண்டுமா? இரும்பு டெட்ராஃபுளூரோபோரேட் எனக்கு ஏழு வாரம் கழித்துத்தான் வந்தது. டிரையசோல் ஒரே வாரத்தில் வந்துவிட்டது.

எத்தனால், மெத்தனால் இரண்டும் கேட்டவுடன் கிடைக்காது. கல்லூரிக்கு அனுமதி இருக்கிறதா, எவ்வளவு மீதி இருக்கிறது, பதிவேட்டில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஸ்டோர் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். எங்கள் துறையில் அந்தப் பதிவேட்டில் எடுத்த மில்லிலிட்டர் வரை எழுத வேண்டும். எழுதிவிடுங்கள், ஆண்டுத் தணிக்கையில் உங்கள் வழிகாட்டிதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பழைய செய்முறைகளில் பெர்குளோரேட் உப்பு என்று இருக்கும். வேண்டாம். கரிம ஈனியோடு சேர்ந்த உலர்ந்த பெர்குளோரேட் சுரண்டினாலே வெடிக்கக்கூடியது. டெட்ராஃபுளூரோபோரேட்டை வைத்தே உங்கள் வேலை நடக்கும்.

4. தயாரிப்பு

இரும்பு டெட்ராஃபுளூரோபோரேட் ஹெக்ஸாஹைட்ரேட் 3.38 கிராம், அதாவது 0.01 மோல். இதை 20 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஒரு சிட்டிகை அஸ்கார்பிக் அமிலம் போடுங்கள். டிரையசோல் 2.07 கிராம், 0.03 மோல். இதை 20 மில்லி எத்தனாலில் கரையுங்கள். இரண்டையும் சேர்த்தால் சிறிது நேரத்தில் ரோஸ் நிற வீழ்படிவு இறங்கும். ஒரு நாள் மூடி வைத்து, வடிகட்டி, எத்தனாலில் கழுவி, உலர்த்துங்கள். முழுதாகக் கிடைத்தால் 3.49 கிராம்.

அஸ்கார்பிக் அமிலத்தை விட்டுவிடாதீர்கள். காற்றில் இரும்பு இரண்டு, இரும்பு மூன்றாக (Fe³⁺) மாறும். பொடி டீத்தூள் நிறம் அடிக்கும். லேசான மஞ்சள் தெரிந்தாலும் அந்தத் தொகுதியை ஒதுக்கிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். இரும்பு மூன்று கலந்த பொடியின் காந்த அளவீட்டைப் பிறகு எந்தத் திருத்தத்தாலும் காப்பாற்ற முடியாது.

தண்ணீர் விஷயம். நம் பக்கத்துப் போர்த் தண்ணீரின் உப்பு எல்லோருக்கும் தெரியும். சிறுவாணித் தண்ணீர் குடிக்கத்தான் தேன். இதற்கு அதுவும் வேண்டாம். வடிநீர்க் கருவியில் கெட்டிப் படிவு இருந்தால் சுத்தம் செய்தபிறகு பிடியுங்கள்.

ஒவ்வொரு தொகுதிக்கும் தேதியோடு ஓர் எண் கொடுங்கள். காந்த அளவீட்டுக்குப் போவதும் டிஎஸ்சிக்கு (சூடாக்கும்போதும் குளிர்விக்கும்போதும் வெப்பம் ஏறி இறங்குவதை அளப்பது) போவதும் தனிமப் பகுப்பாய்வுக்குப் போவதும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். அரைக்காதீர்கள். உரலில் அழுத்தி அரைத்தால் படிகத்தில் குறைகள் ஏறி மாற்றம் இழுபடும். கட்டியை ஸ்பாட்டுலாவால் மெல்ல உடைத்தாலே போதும்.

5. உருகுநிலைக் கருவியில் முதல் சோதனை

இந்தப் படியை எந்தச் செய்முறையிலும் நான் படித்ததில்லை. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. எல்லாக் கல்லூரியிலும் உருகுநிலைக் கருவி இருக்கும். நுண்குழாயில் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்குப் பொடியை நிரப்பி, வாயை உருக்கி மூடி, கருவியில் வையுங்கள். நிமிடத்துக்கு இரண்டு டிகிரி ஏற்றுங்கள்.

100 டிகிரி வரை ஒன்றும் தெரியாது. கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் இது மாறாது. 108, 109-இல் ஓரத்தில் மட்டும் ரோஸ் லேசாக வெளுக்கும். பிறகு இரண்டு மூன்று டிகிரிக்குள் குழாய் முழுக்க, பால் ஊற்றியதுபோல வெள்ளை ஏறும். உருகியிருக்காது, தட்டினால் பொடி பொடியாகவே ஆடும். சூட்டை நிறுத்துங்கள். 100, 90, 80 என்று இறங்கினாலும் வெள்ளையாகவே இருக்கும். 75-க்குக் கீழே போனதும் நிறம் திரும்பத் தொடங்கும். முதல்முறை பார்த்த அன்று ஆய்வகத்தைப் பூட்ட வந்த அட்டெண்டர் அண்ணனை நிறுத்தி அவருக்கும் காட்டினேன். "ஏனுங்க தம்பி, மறுக்கா சூடு பண்ணுனா மறுக்கா வெளுக்குங்களா?" என்று கேட்டார். அதுதான் சரியான கேள்வி. ஐந்து முறை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மாறுகிறதா என்று பாருங்கள். முதல் சுற்று மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கலாம், ஒட்டியிருந்த ஈரம் போவதால். இரண்டாம் சுற்றிலிருந்து நிலைக்க வேண்டும்.

நிறத்தை எப்போதும் ஒரே வெளிச்சத்தில் பாருங்கள். என் அப்பா திருப்பூரில் டையிங் மாஸ்டராக இருந்தவர். "ஷேடு பாக்கறதுன்னா ஒரே லைட்டுல பாரு கண்ணு, ஜன்னல் வெளிச்சத்தையும் டியூப் லைட்டையும் கலக்காத" என்பார். செல்போனில் வீடியோ எடுக்கிறீர்கள் என்றால் வெப்பமானியும் அதே சட்டத்தில் தெரியட்டும்; வெள்ளைச் சமநிலையைப் பூட்டிவிடுங்கள்.

கூய் தராசு (காந்தம் பொடியை எவ்வளவு இழுக்கிறது என்று எடை போட்டுக் காட்டுவது) இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். அறை வெப்பநிலையில் ரோஸ் பொடி தாழ் ஸ்பின். தனித்து நிற்கும் எலக்ட்ரான் இல்லாததால் காந்தம் அதை இழுக்கக் கூடாது. குறிப்பிடத்தக்க இழுப்பு தெரிந்தால் இரும்பு மூன்று இருக்கிறது, அல்லது மாறாத உயர் ஸ்பின் மிச்சம் இருக்கிறது. வெளியூர் அனுப்பும் முன்பே இது தெரிந்துவிடும்.

6. தனிமப் பகுப்பாய்வு, டிஜிஏ, டிஎஸ்சி: இந்த வரிசையில்தான்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இருப்பவர்களுக்குச் சென்னையைவிடக் கொச்சி கிட்டே. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள எஸ்டிஐசி கருவி மையத்தில் தனிமப் பகுப்பாய்வு, டிஜிஏ (சூடாக்கும்போது எடை குறைவதை அளப்பது), ஒற்றைப் படிக எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைக் காண்பது) எல்லாம் செய்துகொடுக்கிறார்கள். சென்னையில் ஐஐடி வளாகத்தில் உள்ள எஸ்ஏஐஎஃப் கருவி மையம் இன்னொன்று. நான் வெகு நாள் சென்னையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தனிமப் பகுப்பாய்வில் இந்தச் சேர்மத்துக்கு வரவேண்டியது கார்பன் 20.7, ஹைட்ரஜன் 2.3, நைட்ரஜன் 36.1 சதவீதம். கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்து குறைந்தால் தண்ணீர் ஒட்டியிருக்கிறது. மோலார் நிறை 348.8 என்று வைத்துத்தான் காந்தக் கணக்கு முழுவதும் போடப் போகிறீர்கள். தண்ணீர் இருந்தால் அந்த எண்ணே தப்பாகிவிடும்.

டிஜிஏவை டிஎஸ்சிக்கு முன்னால் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் முதல் டிஎஸ்சி வரைபடத்தில் 105 டிகிரியில் அழகான ஒரு குழி வந்தது. ஸ்பின் மாற்றம் என்று வழிகாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "குளிர்விக்கிற கோடு எங்கே?" என்றார். நான் சூடாக்கும் ஓட்டம் மட்டும்தான் கேட்டிருந்தேன். மறுபடி பணம் கட்டி இரண்டு பக்கமும் ஓட்டியபோது, குளிர்விக்கையில் அந்த இடத்துக்கு எதிரொலியே இல்லை. அது தண்ணீர் போன குழி; டிஜிஏவை முதலில் செய்திருந்தால் எடை குறைவதே காட்டிக் கொடுத்திருக்கும். ஸ்பின் மாற்றம் என்றால் குளிர்விக்கும்போது எதிர்த்திசையில் ஒரு சிகரம் வந்தே தீர வேண்டும், இரண்டாம் சுற்றிலும் வர வேண்டும்.

ஆகவே டிஎஸ்சி படிவத்தில் எழுதுங்கள்: சூடாக்கு, குளிர்வி, மறுபடி சூடாக்கு, மறுபடி குளிர்வி, நிமிடத்துக்குப் பத்து கெல்வின், மூடிய அலுமினியக் கிண்ணம், நைட்ரஜன் ஓட்டம். வரும் பரப்பிலிருந்து வெப்ப மாற்றம் கிடைக்கும். அதை மாறும் வெப்பநிலையால் வகுத்தால் என்ட்ரோபி. எலக்ட்ரான் ஸ்பின் மட்டும் தரும் பங்கு ஒரு மோலுக்கு ஒரு கெல்வினுக்கு 13.4 ஜூல். உங்கள் எண் அதைப்போலப் பல மடங்கு இருக்க வேண்டும், மீதி அதிர்வுகளின் பங்கு. 13-க்கும் கீழே வந்தால் பொடியில் கொஞ்சம்தான் மாறுகிறது என்று பொருள்.

7. காந்த அளவீடு: பணமும் நாளும் அதிகம் போகிற இடம்

நான் இழந்த மூன்று மாதமும் ஒரு பெரிய தொகையும் ஒரே ஒரு சொல்லால் போனது: ஹிஸ்டரிசிஸ், அதாவது தயக்கம். 'ஹிஸ்டரிசிஸ் அளவீடு வேண்டும்' என்று படிவத்தில் எழுதி விஎஸ்எம் (அதிரும் மாதிரிக் காந்தமானி) கருவிக்குப் பணம் கட்டினேன். வந்தது அறை வெப்பநிலையில் காந்தப்புலத்தை ஏற்றி இறக்கிய வளையம். நமக்கு வேண்டியது நிலையான புலத்தில் வெப்பநிலையை ஏற்றி இறக்கும் வளையம். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். அவர்கள் கேட்டதைத் தந்தார்கள். எழுதிக் கொடுத்தவன் நான்.

படிவத்தில் 'ஹிஸ்டரிசிஸ்' என்ற சொல்லே வேண்டாம். நான் இப்போது எழுதுவது இப்படி:

"காந்தமாக்கல் எதிர் வெப்பநிலை. புலம் 0.5 டெஸ்லா, மாறாதது. 300 கெல்வினிலிருந்து 400 வரை ஏற்றி, 300-க்கு இறக்கி, இதே சுற்று மூன்று முறை. வேகம் நிமிடத்துக்கு ஒரு கெல்வின். ஏற்றம், இறக்கம் இரண்டின் தரவும் தனித்தனிக் கோப்பாக வேண்டும். மாதிரி நிறை, உறையின் நிறை, பிடிப்பானின் வகை ஆகியவற்றைக் குறித்துத் தரவும்."

பணம் கட்டும் முன் தொலைபேசியில் கேட்க வேண்டியது: கருவி எந்த வெப்பநிலை வரை போகும்? சாதாரண ஸ்குவிட் கருவியின் (மிக நுண்ணிய காந்தமானி) மேல் எல்லை 400 கெல்வின். டிரையசோல் சேர்மம் 385-இல் மாறுவதால் மயிரிழையில் அடங்கும். சில இடங்களில் 300 அல்லது 350-க்கு மேல் போக மாட்டோம் என்பார்கள். அங்கே கட்டிய பணம் வீண். ஜெலட்டின் உறை அந்தச் சூட்டில் நெகிழும் என்பதையும் சொல்லி, வேறு பிடிப்பான் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொரு பொறி, படிகத்துக்குள் கரைப்பான் உள்ள சேர்மங்களுக்கு. கருவியின் அறையைத் தாழ்ந்த அழுத்த ஹீலியத்தில் வைத்திருப்பார்கள். மாதிரியை ஏற்றும்போது காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். அப்போதே மெத்தனாலோ எத்தனாலோ வெளியேறிவிடலாம். பிக்கோலைல் அமீன் இரும்புக் குளோரைடில் எத்தனால் இருந்தால் மாற்றம் இரண்டு படியாக நடக்கும். எத்தனால் இடத்தில் வேறு கரைப்பான் வந்தால் நடத்தையே வேறாகிவிடும். கரைப்பான் போன படிகத்தை அளந்துவிட்டுக் கரைப்பான் உள்ள படிகத்தின் படத்தைப் பக்கத்தில் வைத்தால், அது இரண்டு வேறு பொருளைப் பற்றிய கட்டுரை. அப்படிப்பட்ட சேர்மம் என்றால் குளிர்ந்த அறையில் ஏற்றச் சொல்லி எழுதுங்கள்.

எங்கே அளப்பது? ஐ-ஸ்டெம் என்ற மத்திய அரசு இணையதளத்தில் கல்லூரி மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்து, கருவியின் பெயரைப் போட்டுத் தேடினால் எந்த ஊரில் இருக்கிறது, கட்டணம் என்ன என்று வரும். நமக்குப் பெங்களூரும் எட்டும் தூரம்தான். யுஜிசி-டிஏஇ கூட்டமைப்பின் இந்தூர் மையத்தில் காந்த அளவீடும் மோஸ்பவர் அளவீடும் (காமாக் கதிரால் இரும்பின் நிலையைப் பார்ப்பது) உண்டு. அங்கே ஆசிரியர் பெயரில் திட்டக் குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும், ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது வீண்போகாது. இரும்பில் மோஸ்பவர் போல நேரடியாகப் பேசும் கருவி வேறில்லை: உயர் ஸ்பின் இரும்பு இரண்டுக்கு இரண்டு கோடுகளும் நொடிக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் விலகி நிற்கும், தாழ் ஸ்பின்னுக்கு நெருங்கி நிற்கும்.

கூட வைக்க வேண்டிய காகிதங்கள்:
- துறைத்தலைவர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள விண்ணப்பக் கடிதம்
- ஆய்வாளர் என்பதற்கான சான்று, அடையாள அட்டை நகல்
- மாதிரியின் பெயர், மோலார் நிறை, நச்சுத்தன்மை, காற்றில் கெடுமா என்ற விவரம்
- பணம் கட்டிய ரசீது
- கல்லூரியின் ஜிஎஸ்டி விவரம், பில் யார் பெயரில் வேண்டும் என்ற குறிப்பு

கடைசி வரியை விட்டால் பில் உங்கள் பெயரில் வரும். கல்லூரிக் கணக்கில் அது ஏறாது. எனக்கு அந்தப் பணம் திரும்பி வரவே இல்லை.

தரவு வந்ததும் கணக்கு. காந்த ஏற்புத்திறனையும் வெப்பநிலையையும் பெருக்கிய கை-டி மதிப்பைப் போடுங்கள். உயர் ஸ்பின்னுக்கு ஸ்பின் மட்டும் வைத்தால் 3.0 (அலகு செ.மீ.³ கெல்வின்/மோல்); நடைமுறையில் 3.0 முதல் 3.6 வரை வரும். தாழ் ஸ்பின்னுக்குப் பூஜ்யத்தின் அருகில். உறையின் எதிர்மறைக் காந்தத்தைக் கழிக்க வேண்டும். சேர்மத்தின் சொந்த எதிர்காந்தத்துக்கும் திருத்தம் உண்டு. தோராயத்துக்கு மோலார் நிறையில் பாதியைப் பத்து லட்சத்தால் வகுத்துக் கூட்டலாம். கட்டுரைக்குப் போகும்போது பாஸ்கல் மாறிலிகளை (அணுவாரியான எதிர்காந்த மதிப்புகளை) வைத்துப் போடுங்கள். கை-டி 4-க்கு மேல் நின்றால் பெரும்பாலும் இரும்பு மூன்று, அல்லது நிறை தப்பு.

8. ஒற்றைப் படிகம்: இரண்டு வெப்பநிலை, ஒரே படிகம்

ஃபீனாந்த்ரோலின் தயோசயனேட் சேர்மத்தில் ஓர் எச்சரிக்கை. மெத்தனாலில் நேராக வீழ்படிவாக்கியதும், மூன்று ஃபீனாந்த்ரோலின் உள்ள உப்பை அசிட்டோனில் சாக்ஸ்லெட் கருவி வழியே சாறெடுத்துச் செய்ததும் ஒரே மாதிரி நடக்காது. முன்னது இழுபட்டு மாறும், கொஞ்சம் உயர் ஸ்பின் குளிரிலும் மிச்சம் நிற்கும். பின்னது சட்டென்று மாறும். படிகம் வேண்டும் என்றால் எச் வடிவக் குழாயில் இரண்டு கரைசலையும் தனித்தனிக் கையில் ஊற்றி, நடுவே தெளிந்த மெத்தனால் வைத்து, அசையாத இடத்தில் மூன்று நான்கு வாரம் விடுங்கள். சித்திரை வெயிலில் ஓட்டுக் கூரை ஆய்வகத்தில் வைக்காதீர்கள். நான் மார்கழியில் வைத்ததுதான் வந்தது.

படிகம் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் இருந்தால் போதும். தாய்க் கரைசலோடே சிறு குப்பியில் எடுத்துச் செல்லுங்கள். கூரியர் வேண்டாம். ஈரோட்டில் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை. குப்பியைத் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுபோனேன்.

பல இடங்களில் வழக்கமான கட்டணம் அறை வெப்பநிலை அளவீட்டுக்கு மட்டும்தான். குளிர் அளவீட்டுக்குத் தனிக் கட்டணம், தனி வரிசை. நீங்கள் கேட்க வேண்டியது:

முதலில் அறை வெப்பநிலையில் முழுத் தரவு. பிறகு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு கெல்வின் என்று இறக்கி, பத்துக் கெல்வினுக்கு ஒருமுறை அலகுக்கூட்டின் (படிகம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறு கட்டத்தின்) அளவு மட்டும். அதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். பிறகு மாற்றத்துக்கு நன்றாகக் கீழே, 130 கெல்வின் அல்லது 100-இல், முழுத் தரவு. அலகுக்கூட்டின் கன அளவை வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால் எங்கே தாவுகிறது என்று தெரியும். ஓர் அச்சு இரட்டித்தாலோ கோணம் 90-ஐ விட்டு விலகினாலோ அங்கே சமச்சீர் மாறியிருக்கிறது.

கருவிக்காரர்கள் நேரம் மிச்சம் பிடிக்கப் படிகத்தை நேராகக் குளிர் ஓட்டத்தில் வைப்பார்கள். மற்றப் படிகங்களுக்கு அது நல்ல வழக்கம். நமக்கு அது ஆகாது: படிகம் விரிசல் விடலாம், அல்லது மெதுவாகப் போனால் நடக்கும் கட்டமைப்பு மாற்றம் நடக்காமலே போகலாம். நேரில் போங்கள் என்று சொல்வது இதனால்தான். பக்கத்தில் நின்று, "சார், மெதுவா இறக்கிக்கலாங்களா" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

முடிவைச் சரிபார்க்க எண்கள்: அறை வெப்பநிலையில் இரும்பிலிருந்து தயோசயனேட் நைட்ரஜன் 2.06, ஃபீனாந்த்ரோலின் நைட்ரஜன் 2.20 ஆங்ஸ்ட்ராம். குளிரில் 1.96, 2.01. உங்கள் எண் நடுவில் நின்றால் பாதிதான் மாறியிருக்கிறது, அல்லது வெப்பநிலை நீங்கள் நினைத்தது இல்லை. ஐஆர் நிறமாலையிலும் பாருங்கள்: தயோசயனேட் பட்டை உயர் ஸ்பின்னில் 2060–2075, தாழ் ஸ்பின்னில் 2105–2115 செ.மீ.⁻¹.

திரவ நைட்ரஜன் தேவைப்பட்டால் கோவையில் தொழில் வாயு விற்பவர்களிடம் கிடைக்கும். மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவர் வைத்திருக்கும் கேன் போன்றதுதான் வேண்டும். சாதாரண ஃபிளாஸ்கில் இறுக்கி மூடி எடுத்து வராதீர்கள், வெடிக்கும். காரில் கண்ணாடியை இறக்கிவிட்டு வாருங்கள்.

9. என் கணக்கு நோட்டில் இருப்பது

இரண்டு சேர்மத்துக்கும் சேர்த்து வேதிப்பொருள் சுமார் பதினோராயிரம். தனிமப் பகுப்பாய்வு, டிஜிஏ, டிஎஸ்சி எல்லாம் சேர்த்து ஏழாயிரம். காந்த அளவீடு இரண்டு மாதிரிக்குப் பதினெட்டாயிரம். படிகம் இரண்டு வெப்பநிலையில் ஒன்பதாயிரம். பயணமும் தங்கலும் ஐயாயிரம். தப்பாகக் கட்டியதும் திரும்பச் செய்ததும் இதில் சேரவில்லை. அது தனியாகப் பதினாலாயிரம். மையத்துக்கு மையம், ஆண்டுக்கு ஆண்டு கட்டணம் மாறும். எந்தக் கட்டணத்தின் மேலும் ஜிஎஸ்டியைக் கூட்டிக்கொள்ளுங்கள். கல்வி நிறுவனத்துக்கு ஒரு கட்டணம், தொழிற்சாலைக்கு ஒரு கட்டணம் இருக்கும். கல்லூரிக் கடிதம் இல்லாமல் போனால் இரண்டாவதுதான் விழும்.

நாள் கணக்கில் ஒன்று கவனியுங்கள். மார்ச் மாதம் நிதியாண்டு முடிவதால் எல்லாக் கல்லூரியும் ஒரே நேரத்தில் மாதிரி அனுப்பும். ஜூன், ஜூலையில் வரிசை குறைவு. நான் பிப்ரவரியில் அனுப்பியது ஒன்பது வாரம் எடுத்தது. ஜூனில் அனுப்பியது மூன்று வாரத்தில் வந்தது.

10. கோப்பு கைக்கு வந்ததும்

படிகக் கோப்பில் அளந்த வெப்பநிலை வரியைத் திறந்து பாருங்கள். குளிர் அளவீட்டிலும் 293 என்று அப்படியே விட்டிருப்பார்கள். எனக்கு வந்த இரண்டு கோப்புகளில் ஒன்று அப்படித்தான் இருந்தது. திருத்தி வாங்கியபிறகு செக்சிஐஎஃப் சோதனையில் (படிகக் கோப்பில் பிழை தேடும் இணையச் சோதனை) போடுங்கள், இலவசம். ஏ எச்சரிக்கை (மிகக் கடுமையான வகை) இருந்தால் தரவு எடுத்தவரிடமே கேளுங்கள். அவரிடம் மூலப் படங்கள் அழியும் முன், அதாவது முதல் மாதத்திலேயே. மூலப் படங்களின் ஒரு பிரதியைப் பென்டிரைவில் வாங்கி வையுங்கள். கேம்பிரிட்ஜ் படிகத் தரவு மையத்தில் கோப்பைப் பதிவு செய்து எண் வாங்குவதற்கும் கட்டணமில்லை; இரண்டு வெப்பநிலைக்கும் தனித்தனி எண் வாங்குங்கள். அந்தப் பதிவில் குளிர்வித்த வேகத்தையும் தொகுதி எண்ணையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

மிச்சமுள்ள பொடியை மூடிய குப்பியில், சிலிக்கா ஜெல் போட்ட டெசிக்கேட்டரில் வையுங்கள். கட்டுரையின் மதிப்பாய்வாளர் ஆறு மாதம் கழித்து, அதே தொகுதியில் இன்னொரு அளவீடு கேட்பார். எனக்குக் கேட்டார்கள். நூறு மில்லிகிராம் மீதி இருந்தது.